முடங்கிய தம்பியின் கல்விக்கடன் ரத்தாகுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. தம்பி ஈரோடு பக்கம் பொறியியல் படிக்க அரசு வங்கி ஒன்றில் 6 லட்சம் கடன் வாங்கினான். அடமானம் எதுவும் இல்லை. அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படிப்பு முடிந்து காங்கயம் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்து, ஒரு வருடம் தவணையும் கட்டினான். எட்டு மாதம் முன்பு ஷிப்ட் முடிந்து தாராபுரம் ரோட்டில் வீடு திரும்பும்போது பைக் சறுக்கி முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, சான்றிதழில் 90 சதவீதம். "மாற்றுத்திறனாளி ஆகிவிட்டால் கல்விக்கடன் ரத்து என்று இணையத்தில் படித்தேன், மேலாளர் அப்படி எதுவும் கிடையாது என்கிறார், மறைக்கிறாரா?" என்று கேட்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அப்பா பெயரில் இருக்கும் மூன்று ஏக்கரும் வீடும் போய்விடுமா? இரண்டுக்கும் சொல்றேனுங்க.

மேலாளர் மறைக்கவில்லை. நீங்கள் படித்தது அமெரிக்கச் சட்டம். அங்கே மத்திய அரசு கொடுக்கும் கல்விக்கடனுக்கு, நிரந்தர முழு ஊனம் என்று நிரூபித்தால் ரத்து உண்டு. முன்னாள் ராணுவத்தினர் துறையின் ஆவணம், சமூகப் பாதுகாப்புத் துறையின் ஆவணம், மருத்துவச் சான்று என்று மூன்று வழிகள். மருத்துவர் எழுதினால், வருமானம் தரும் வேலை எதையும் செய்ய முடியாத நிலை 60 மாதம் நீடித்திருக்கிறது அல்லது நீடிக்கும் என்றோ, உயிரிழப்பில் முடியும் என்றோ எழுத வேண்டும். அங்கேயும் தனியார் வங்கிக் கடனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நம்மூர்ப் பிள்ளைகள் இங்கே வாங்கிக்கொண்டு அங்கே போய்ப் படிக்கும் கடனுக்கும் பொருந்தாது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலோ, வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலோ, ஊனத்தால் கடன் தானாக நீங்கும் என்று ஒரு வரிகூட இல்லை. ஒப்பந்தச் சட்டப்படி கூட்டாகக் கையெழுத்திட்டவர்களில் யாரிடமும் வங்கி முழுத் தொகையையும் கேட்கலாம். அதனால் தம்பிக்கு என்ன நடந்தாலும் அப்பாவின் பொறுப்பு அப்படியே நிற்கும். கசப்பாக இருக்கும், ஆனால் இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அடுத்து எங்கே போவது என்பது தெரியும்.

இந்த இடத்தில் மூன்று வார்த்தைகள் எல்லோரையும் குழப்புகின்றன. தேர்தல் மேடையில் வரும் 'கல்விக்கடன் தள்ளுபடி' ஒன்று. அரசாணை வந்து, அரசு வங்கிக்குப் பணம் கட்டினால்தான் அது தள்ளுபடி; அதுவரை அது பேச்சு. இரண்டாவது, 'கடனை ரைட்-ஆஃப் செய்துவிட்டோம்' என்று வங்கியில் சொல்வது. அது வங்கி தன் கணக்கேட்டைச் சுத்தம் செய்துகொள்வது. உங்களிடம் வசூலிக்கும் உரிமை போகாது. மூன்றாவது, அரசின் உத்தரவாத நிதி. 7.5 லட்சம் வரையிலான அடமானமில்லாக் கல்விக்கடனில் நிலுவை விழுந்தால், அதில் 75 சதவீதத்தை வங்கி அந்த நிதியிலிருந்து பெறலாம். "அரசாங்கம்தான் கட்டிவிட்டதே" என்று சிலர் மேலாளரிடம் சண்டைக்குப் போகிறார்கள். அது வங்கிக்கான பாதுகாப்பு, கடன்தாரருக்கானது அல்ல. அதன் பிறகும் வங்கி வசூலைத் தொடரத்தான் செய்யும்.

ஆகவே 'ரத்து செய்யுங்கள்' என்ற மனுவை ஓரமாக வைத்துவிட்டு, தம்பிக்கு வர வேண்டிய பணத்தை முதலில் தேடுங்கள். உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்போது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால், வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ நடக்கும் விபத்தும் பணியிட விபத்தாகவே கருதப்படும். ஆனால் நேரம், இடம், சூழல் மூன்றும் வேலையோடு பொருந்த வேண்டும். பட்டறையின் வருகைப் பதிவேடு, மருத்துவமனையில் முதலில் போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காவல் நிலையப் பதிவு, விபத்து நடந்த இடம் வீட்டுக்குப் போகும் வழக்கமான வழியில் இருப்பது, இவைதான் ஆதாரம். வழியில் வேறு ஊருக்குத் திரும்பிப் போயிருந்தால் கோரிக்கை பலவீனமாகிவிடும். முதலாளி விபத்து அறிக்கை கொடுத்தாரா என்று பாருங்கள். கொடுக்காமல், 'நோய்க்காலப் பலன்' என்று மட்டும் சில மாதம் பணம் வந்திருந்தால், அதைப் பணியிட விபத்தாக மாற்றக் கேட்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் மருத்துவ வாரியத்துக்கு அனுப்புவார்கள். வாரியம் நிர்ணயிப்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை. அது உங்கள் சான்றிதழின் 90 சதவீதமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சம்பளத்தில் 90 சதவீதத்தை அந்த இழப்பு விகிதத்தால் பெருக்கினால் வருவது ஆயுள்காலத்துக்கும் கிடைக்கும் மாதத்தொகை. சம்பளம் 18,000, இழப்பு 80 சதவீதம் என்று வைத்தால் மாதம் 12,960 ரூபாய். கடனை விட இது பெரிய விஷயம். இஎஸ்ஐ பலனைக் கடனுக்காக ஜப்தி செய்யவும் முடியாது.

பிஎஃப் பிடித்திருந்தால் அதில் பெரும்பாலும் ஓய்வூதியப் பகுதியும் இருக்கும். வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக முழுவதும் இயலாமல் போனவருக்கு, ஒரே ஒரு மாதச் சந்தா போயிருந்தாலும் ஊன ஓய்வூதியம் உண்டு. பத்து வருடச் சேவை வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால், அது வயதானபின் வாங்கும் ஓய்வூதியத்துக்கான விதி என்று சொல்லுங்கள்.

அடுத்தது வண்டி. பைக் தானாகச் சறுக்கியது என்பதால் எதிர்த்தரப்பு வாகனம் இல்லை; விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்பது கடினம். ஆனால் இன்சூரன்ஸ் பாலிசியில் 'உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் தொகை 15 லட்சம். இரண்டு கால்களும் போனாலோ, நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலோ முழுத் தொகையும் வர வேண்டும். மூன்று நிபந்தனைகள்: ஆர்சி புத்தகம் தம்பி பெயரில் இருக்க வேண்டும், அவனே ஓட்டியிருக்க வேண்டும், செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்திருக்க வேண்டும். நம்ம பக்கம் பையன் ஓட்டும் பைக் பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும். அப்படியிருந்தால் இந்த வழி அடைபட்டது. பெயர் தம்பியுடையது என்றால், உடனே எழுத்தில் தெரிவியுங்கள். எட்டு மாதத் தாமதத்துக்கு மருத்துவமனை இருப்பையே காரணமாகக் காட்டலாம்.

பிறகு தம்பியின் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கை எடுத்து, மே கடைசி, ஜூன் தொடக்கத் தேதிகளில் 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் அது. இரண்டு கால்களின் பயன்பாட்டை மீளமுடியாமல் இழந்தால் 2 லட்சம். கால் வெட்டப்பட்டிருக்க வேண்டியதில்லை, பயன்பாடு போயிருந்தால் போதும். விபத்து நடந்து 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, அது தாண்டிவிட்டது. இருந்தாலும் காரணம் எழுதிக் கோரிக்கை போடுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். ரூபே டெபிட் அட்டைக்கும் விபத்துக் காப்பு உண்டு. விபத்துக்கு முன் குறிப்பிட்ட நாட்களுக்குள் அட்டையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியாக, கல்விக்கடன் கணக்கின் முதல் வருட விவரத்தில் காப்பீட்டுப் பிரீமியம் என்று ஏதாவது பற்று வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல குடும்பங்களுக்குத் தெரியாமலேயே கடனோடு ஒரு பாலிசி ஓடிக்கொண்டிருக்கும். இவற்றில் பல, இறப்புக்கு மட்டுமே பணம் தரும். ஊனத்துக்குத் துணைக்காப்பு எடுத்திருக்க வேண்டும். சான்றிதழை வாங்கிப் படித்தால்தான் தெரியும், யார் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம்.

காகிதங்களைப் பற்றி ஒன்று. யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, எடுத்துவிடுங்கள். எல்லா அலுவலகத்திலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கடும் பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அதையே வைத்து எழுதிக் கொடுக்கலாம். ஆனால் 90 சதவீதம் என்பது உடலின் அளவு. அவன் எவ்வளவு நேரம் உட்கார முடியும், சிறுநீர்க் கட்டுப்பாடு எப்படி, படுக்கைப் புண் வருகிறதா, கைகளுக்கு எவ்வளவு பலம், இது நிரந்தரமா என்பதையெல்லாம் அந்த அட்டை சொல்லாது. மறுவாழ்வு மருத்துவ நிபுணரிடம் தனியாக ஒரு கடிதம் வாங்குங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெருந்துறையிலோ கேட்கலாம். இஎஸ்ஐக்கும் காப்பீட்டுக்கும் வங்கிக்கும் ஒரே கடிதத்தையே கொடுங்கள். ஓரிடத்தில் 'எந்த வேலையும் முடியாது', இன்னோரிடத்தில் 'கணினி வேலை செய்வான்' என்றிருந்தால் இரண்டும் கெடும். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு அவன் உட்கார்ந்த வேலை ஒன்றுக்குப் போக நினைத்தால் அந்தக் கடிதமே குறுக்கே நிற்கக் கூடாது.

இனி வங்கி. கிளையில் எழுத்துப்பூர்வமாக ஐந்து விவரம் கேளுங்கள்: அசல் நிலுவை, வட்டி நிலுவை, கணக்கு வாராக்கடனான தேதி, படிப்புக்கால வட்டி மானியம் வரவு வைக்கப்பட்டதா, காப்பீடு உண்டா. மானியத்தை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் படிப்புக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. வருமானச் சான்று கொடுத்தும் அது வரவாகாத கணக்குகள் இருக்கின்றன. தகுதி இருந்து விடுபட்டிருந்தால், பேச்சுவார்த்தையில் அதுவே உங்கள் முதல் ஆயுதம்.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். இன்னும் ஆகவில்லை என்றால் மறுசீரமைப்பு கேட்கலாம். மாதிரித் திட்டத்தில் வேலையில்லாத காலத்துக்குத் தவணையை இரண்டு மூன்று முறை ஒத்திவைக்க இடம் இருக்கிறது. திருப்பிச் செலுத்தும் காலத்தை 15 ஆண்டு வரை நீட்டவும் முடியும். 6 லட்சம், 10 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் தவணை சுமார் 6,450 ரூபாய். இஎஸ்ஐ மாதத்தொகை உறுதியானால் இது தாங்கக்கூடியதுதான். வராது என்றால், மறுசீரமைப்பு என்பது வலியைத் தள்ளிப்போடுவது மட்டுமே. அப்போது சமரசத் தீர்வுக்குப் போவதுதான் சரி என்பது என் எண்ணம்.

சமரசத் தீர்வு, அதாவது ஓடிஎஸ், உங்கள் உரிமை அல்ல. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி ஒவ்வொரு வங்கியும் இயக்குநர் குழு ஒப்புதலோடு ஒரு சமரசக் கொள்கை வைத்திருக்க வேண்டும். அந்தக் கொள்கைக்குள் வரும்படி விண்ணப்பம் எழுதுவதில்தான் சாமர்த்தியம். கண்ணீர்க் கதை வேண்டாம். விபத்துத் தேதி, மருத்துவ நிலை, மாதச் செலவு, அப்பாவின் வயது, தோட்ட வருமானம், உங்களால் எவ்வளவு எப்போது கட்ட முடியும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டு பக்கம் போதும். கடைசி வரி முக்கியம்: தொகை சொல்லாத விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். கிளை மேலாளருக்கு அதிகாரம் குறைவு, மண்டல அலுவலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள். வாராக்கடன் ஆன பிறகு வட்டி ஏட்டில் ஏறாது, தனியாகக் கணக்கு வைத்திருப்பார்கள். அதனால் 'ஏட்டு நிலுவை', 'மொத்தப் பாக்கி' என்று இரண்டு தொகை இருக்கும். பேரத்தை ஏட்டு நிலுவையிலிருந்து கீழே தொடங்குங்கள், மொத்தப் பாக்கியிலிருந்து அல்ல. எத்தனை சதவீதம் குறைப்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி, வருடத்துக்கு வருடம் மாறும். 'பாதிக்குப் பாதி முடித்துத் தருகிறேன்' என்று கமிஷன் கேட்டு வரும் ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கிளையில் நகரவில்லை என்றால் லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி 1987-ஆம் ஆண்டு சட்டத்திலேயே இருக்கிறது. தாராபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, திருப்பூர் மாவட்ட ஆணையத்திலோ, வழக்கு போடும் முன்னரே மனு கொடுக்கலாம். அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே கட்ட முடியாத தவணைக்குத் தலையாட்ட வேண்டாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுப்பதும் வீணல்ல. கலெக்டரால் கடனைத் தள்ள முடியாது. ஆனால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் அந்த மனு போகும், திருப்பூரில் அது கனரா வங்கி. கிடப்பில் இருக்கும் கோப்பு நகர அது உதவும்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். அடமானம் இல்லாததால், நீதிமன்றம் போகாமலேயே சொத்தை எடுக்கும் சர்ஃபேசி சட்டம் உங்கள் மீது பாயாது. கடன் மீட்புத் தீர்ப்பாயமும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்குத்தான். ஆக வங்கி சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கி, பிறகுதான் அதை நிறைவேற்றக் கேட்கும் மனு. அந்தக் கட்டத்திலும் விவசாயி குடியிருக்கும் வீடு, உழவுக் கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய மாடுகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு தடை போடுகிறது. நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. டிக்ரி ஆனால் தோட்டத்தை ஜப்தி செய்ய முடியும். பொய் ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அது ஒரே நாளில் நடக்காது, நடுவில் சமரசம் பேச நிறைய இடம் இருக்கிறது.

அதைவிட அவசரமானது அப்பாவின் நகைக்கடன். அதே வங்கியில் நகை வைத்திருந்தால், நகைக்கடனை அடைத்த பிறகும் கல்விக்கடனுக்காக நகையைப் பிடித்து வைக்கப் பார்ப்பார்கள். ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவில் வங்கிக்கு உள்ள பொதுப் பற்றுரிமையைக் காட்டுவார்கள். பால் பணம், தேங்காய் பணம் அதே வங்கிக் கணக்குக்கு வந்தால் அதிலிருந்தும் எடுத்துக்கொள்ள வழி உண்டு. வரவை வேறு வங்கிக்கு மாற்றுவதில் தவறில்லை.

வீட்டுக்கு வரும் அலுவலர் 'பாக்கியை ஒப்புக்கொள்கிறேன்' என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார். காலவரம்பு முடியும் முன் கையெழுத்திட்டால் மூன்று ஆண்டு வரம்பு அன்றிலிருந்து புதிதாக ஓடும். முடிந்த பிறகு, கட்டுகிறேன் என்று எழுத்தில் கொடுத்தால் செத்த கடன்கூட உயிர்பெறும். கையெழுத்தே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. சமரசப் பேச்சின் பகுதியாக, தொகை எழுதிய காகிதத்தில் மட்டும் போடுங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

ஊரில் யாராவது 'மஞ்சக் கடுதாசி கொடுத்துடுங்க' என்று யோசனை சொல்லியிருப்பார்கள். 1920-ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் தம்பி மனுப் போடலாம்தான். ஆனால் திவாலானவரை விடுவிக்கும் உத்தரவு அவரோடு கூட்டாகக் கையெழுத்திட்டவரை விடுவிக்காது என்று அதே சட்டம் சொல்கிறது. மொத்தச் சுமையும் அப்பா தலையில் இறங்கும். உங்கள் நிலைக்கு இது தவறான மருந்து.

சமரசம் முடிந்தால் நிலுவையின்மைச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். கடன் வரலாற்றைப் பதியும் சிபிலில் 'முடிந்தது' என்றில்லாமல் 'சமரசம்' என்று பதிவாகும். தம்பிக்கும் அப்பாவுக்கும் புதுக்கடன் கிடைப்பது சில ஆண்டுகள் கடினமாகும். தவறான பதிவு இருந்து, புகார் செய்து 30 நாளில் சரியாகாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க விதி இருக்கிறது.

இதெல்லாம் பிறகு. முதலில் இரண்டே விஷயம் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்: ஆர்சி யார் பெயரில் இருக்கிறது, தம்பியின் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா. கணக்கு எண், கடன் எண் எதையும் மட்டும் பொதுவில் போட்டுவிடாதீங்க.